பதினெட்டு அத்தியாயம் காத்திருந்த அப்பா

செல்போன் எங்கள் பக்கம் வந்த புதிது. மேட்டூரில் தண்ணீர் இல்லை என்று குறுவைச் சாகுபடியே இல்லாமல் போன வருடங்களில் ஒன்று. நன்னிலம் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் எல்லோரும் போர் மோட்டாரை ஓயாமல் ஓட்டிக் கருக்கிவிட்டு, சைக்கிளில் கட்டி என்னிடம் கொண்டு வருவார்கள். ஊருக்குக் கஷ்ட காலம், எனக்கு வேலைக் காலம். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த வருடம் ஐப்பசி மாதம்தான் அந்த நாவல் என் கைக்கு வந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. எழுதியவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

எனக்குச் சரித்திர நாவல் என்றால் பைத்தியம். அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவன் வேதாரண்யத்துக்காரன் ஒருத்தன். நாங்கள் இரண்டு பேரும் மஸ்கட் பக்கம் ஒரு கம்பெனியில், ஒரே கேம்ப்பில், ஒரே ரூமில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தவர்கள். லீவில் ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி ஒரு தடியான சரித்திர நாவலை வரவழைப்போம். வந்ததும் அவன் ஷேவிங் பிளேடால் அதை நாலாக அறுத்துவிடுவான். அப்போதுதான் நாலு பேர் ஒரே சமயத்தில் படிக்க முடியும். முதல் பாகம் படிக்கிறவன் அதிர்ஷ்டசாலி. மூன்றாம் பாகத்தில் ஆரம்பிக்கிறவனுக்கு யார் அண்ணன், யார் எதிரி என்பதே புரியாது. ஆனாலும் படிப்போம். சோறு மாதிரி அது.

ஊர் திரும்பிப் பல வருடம் கழித்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. எனக்கு முன்கோபம் உண்டு. அதில் பாதியைப் புத்தகங்களிடம் காட்டிவிடுவதால்தான் வீடு பிழைத்தது என்று என் மனைவி சொல்வாள். சும்மா சொல்லவில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதியவரோடு சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பேன்.

வேதாரண்யத்துக்காரன் ஒரு நாள் போன் பண்ணினான். ஒரு புத்தகம் வாங்கினானாம், படித்துவிட்டானாம், எனக்குக் கொடுத்தனுப்புகிறானாம். "கட்டாயம் படி. நம்ம கதைடா" என்றான். தெரிந்த கண்டக்டர் ஒருவர் மூலம் அது வந்து சேர்ந்தது. பின்னட்டையைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையைக் கீழே போட்டுவிட்டேன். கடல் கடந்து போருக்குப் போன மகன், கரையில் சாகக் கிடந்தபடி காத்திருக்கும் தந்தை, ஒரு குடும்பத்தின் கண்ணீர்க் காவியம் என்று போட்டிருந்தது.

ஏன் வேலையைப் போட்டேன் என்று சொல்ல வேண்டும்.

அப்பா இறந்தபோது நான் மஸ்கட்டில் இருந்தேன். போய் ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டார். அப்பா ஊரில் அக்கா வீட்டோடு இருந்தார். ஒரு நாள் காலை ஷிப்ட் வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, போன் வந்திருக்கிறது என்று கேம்ப் ஆபீஸில் கூப்பிட்டார்கள். ஊரிலிருந்து எஸ்.டி.டி. பூத்தில் மச்சான் பேசினார், அதாவது என் அக்கா வீட்டுக்காரர்.

"மாப்ள, மாமாவுக்கு சீரியஸா இருக்கு. உன்னையேதான் கேக்குறாரு. எப்படியாவது கிளம்பி வா."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். முந்தின மாதம்தான் அக்கா ஒரு பெண்ணின் போட்டோவை அனுப்பி, லீவு போட்டுவிட்டு வா என்று எழுதியிருந்தாள். பக்கத்து ரூம்காரனை இப்படித்தான் அம்மாவுக்கு சீரியஸ் என்று வரவழைத்து, வந்து இறங்கியவனை நேராக ஜவுளிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நமக்கும் அதே வேலை காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். நான் வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லாமல், "சரி சரி, பாக்கலாம் மச்சான்" என்று வைத்துவிட்டு வண்டி ஏறினேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் மறுபடியும் போன். ஆறு மணிக்கு முடிந்துபோய்விட்டது என்றார் மச்சான்.

பாஸ்போர்ட் கம்பெனி கையில். இரண்டு வருடம் முடியாமல் லீவு கிடையாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. மறுநாள் ஊரில் அடக்கம். நான் அன்றைக்கும் வேலைக்குத்தான் போனேன்.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து ஊருக்கு வந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரிதான் சொன்னார்கள், அப்பா உன்னை நினைத்துக்கொண்டேதான் போனார் என்று. ஆறுதலுக்குச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு தடவையும் கையை உருவிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை பத்து மணி நேரம் அந்த மனுஷன் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு வண்டி ஏறியிருக்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணம் ஆனபிறகு மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த நாளைப் பற்றி அக்காவிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே என்ற பயம்.

அப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இப்போது புரிகிறதா, அந்தப் பின்னட்டையைப் பார்த்து ஏன் வேலையைக் கீழே போட்டேன் என்று?

கடையிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஆரம்பத்திலேயே எரிச்சல். சித்திரை மாதம், ஆறு வெறும் மணலாகக் கிடக்கிற நேரத்தில், காவிரி கரைபுரண்டு ஓடுகிறது. ஐப்பசியில் கதாநாயகி பொன்னிறக் கதிர்களுக்கு நடுவே நடந்து போகிறாள். ஐப்பசியில் சம்பாப் பயிர் முழங்கால் உயரம்கூட இருக்காது, கதிருக்கு எங்கே போவது? எழுதியவர் எங்கள் பக்கம் ரயிலில்கூட வந்ததில்லை போலிருக்கிறது. சரி, போகட்டும் என்று மன்னித்தேன். எனக்கு வேண்டியது வேறு.

அந்தக் கிழவர், அதாவது சாகக் கிடக்கும் சோழ நாட்டுச் சிற்றரசர், பதினெட்டு அத்தியாயம் சாகாமல் கிடக்கிறார். கடலைப் பார்த்த சாளரம். மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழைக்கிறார். தொண்டை வற்றினால் மகள் காவிரித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். குடித்துவிட்டு மறுபடியும் அழைக்கிறார். இரண்டு பக்கம் படிப்பேன், எழுந்து போய் மோட்டாருக்கு வார்னிஷ் அடிப்பேன், திரும்பி வந்து இரண்டு பக்கம். விட்டுவிட்டுப் போக மனசில்லை. ஏனென்றால் மகன் வந்தாக வேண்டுமே. வந்து, அப்பா இல்லை என்று தெரிந்ததும் அவன் என்ன செய்கிறான்? அதற்கப்புறம் எப்படிச் சாப்பிடுகிறான், எப்படித் தூங்குகிறான், அக்கா முகத்தை எப்படிப் பார்க்கிறான்? அது தெரிந்தால் போதும். இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை.

வந்தான். அரண்மனை வாசலில் வந்து நின்றான். செய்தி கேட்டான். மூர்ச்சையாகி விழுந்தான்.

பக்கத்தைத் திருப்பினேன். "மூன்று திங்கள் கழிந்தன" என்று அடுத்த அத்தியாயம் ஆரம்பிக்கிறது. அவனுக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் நகைகளைப் பற்றி மட்டும் பன்னிரண்டு பக்கம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. புத்தகத்தை வீசினேன். அது வார்னிஷ் டின்னில் இடித்து விழுந்து, அட்டையெல்லாம் பிசுபிசு என்று ஆகிவிட்டது. மோட்டார் வாங்க வந்திருந்த ஒரு பெரியவர் ஒன்றும் கேட்காமல், அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறையில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு வைப்போம். சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொல்வார்கள். அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் சாயங்காலம் மட்டும் நிற்க மாட்டேன். மோட்டார் அவசரம், கரண்ட் வந்துவிட்டது என்று ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவேன். அப்பா முன்னால் மெழுகுவர்த்தியோடு நிற்க எனக்கு முகம் இல்லை.

அந்த வருடம் முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டதால், திருநாளன்று காலையில்தான் வேலையை ஆரம்பித்தோம். அக்கா புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மச்சான் வாளியில் சுண்ணாம்போடு கொஞ்சம் நீலம் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் மட்டையால் அடித்துக்கொண்டே அந்த நாவலைத் திட்டிக்கொண்டிருந்தேன். சித்திரைக் காவிரியில் ஆரம்பித்து, பதினெட்டு அத்தியாயத்தையும் சொல்லி, மூன்று திங்கள் கழிந்த இடத்துக்கு வந்தபோது எனக்குக் குரல் எங்கேயோ உயர்ந்துவிட்டது. நாலு கல்லறை தள்ளி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா நிமிர்ந்தாள். ஒரு கதைக்காக யாராவது இப்படிக் கத்துவார்களா, மூச்சு வாங்குகிறது பார் என்றாள்.

"கதை இல்லக்கா. அந்தக் கெழவனைப் பதினெட்டு அத்தியாயம் வாசலைப் பாத்துக்கிட்டே கெடக்க வச்சுட்டான். வந்த மகன் அப்புறம் என்ன ஆனான்னு சொல்ல வேணாமா?" என்றேன். சொல்லக் கூடாது என்று ஒன்பது வருடம் கட்டி வைத்திருந்தது அதோடு சேர்ந்து வந்துவிட்டது. "நம்ம அப்பாவும் அப்படித்தானே கெடந்தாரு? பத்து மணி நேரம். நான் வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே."

அக்கா கையிலிருந்த புல்லைக் கீழே போட்டாள்.

"யார் சொன்னா அப்படி?"

மச்சான்தான் போனில் சொன்னார் என்றேன். காலையில் சீரியஸ் என்றார், சாயங்காலம் ஆறு மணிக்கு முடிந்தது என்றார். மச்சானைப் பார்த்தேன். அவர் வாளிக்குள் விட்ட குச்சியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"உனக்குப் போன் போட்டப்ப அப்பாவைக் குளிப்பாட்டியாச்சுடா தம்பி" என்றாள் அக்கா.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் கல்லறையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். அன்று விடியற்காலை அப்பா எழுந்திருக்கிறார். பல் துலக்கியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டிருக்கிறார். அக்கா காபி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. முனகல் இல்லை, அழைப்பு இல்லை. சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற அவஸ்தைப்பூசுதலுக்குச் சாமியாரைக் கூப்பிட ஆள் போகக்கூட நேரமில்லை. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை துக்க மணி அடித்தபோது காலைப் பூசைக்கான முதல் மணியே இன்னும் அடிக்கவில்லையாம். ஊருக்கே தெரியும். எட்டு மணிக்கு பூத் திறந்த பிறகுதான் மச்சான் எனக்குப் போன் போட்டிருக்கிறார்.

அப்புறம் ஏன் சீரியஸ் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஊரில் தனியாக இருக்கிற பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் எப்படிச் சொல்வது, முதலில் சீரியஸ் என்று சொல்லி மனசைத் தயார் பண்ணிவிட்டு, சாயங்காலம் விஷயத்தைச் சொல்வதுதானே எல்லோரும் செய்வது என்றாள். சொல்லச் சொன்னது அவள்தான். சீரியஸ் என்று போன் வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம், வெளிநாட்டில் இருக்கிற உனக்கா அது தெரியாது என்றாள். பிற்பாடு எனக்குத் தானாகவே புரிந்திருக்கும் என்று நினைத்து, அவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லையாம்.

மச்சான் அப்போதுதான் வாயைத் திறந்தார். "உன்னையே கேக்குறாருன்னு நானாத்தான் ஒரு வார்த்தை சேத்தேன் மாப்ள. வெறும் சீரியஸ்னா நீ நம்ப மாட்டியோன்னு. அது உள்ள போயி இப்படி உக்காந்துக்கும்னு எனக்குத் தெரியாம போச்சு." சொல்லிவிட்டுச் சுண்ணாம்புக் கையோடு கண்ணைத் துடைக்கப் போனார். அக்கா பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு வந்தது. ஏன் என்றால் வெளிநாட்டில் இருக்கிற உனக்கா தெரியாது என்று அக்கா கேட்டாளே, அங்கேதான் எனக்குச் சுரீர் என்று உறைத்தது. அப்பா இறந்த ஆறாவது மாதம் வேதாரண்யத்துக்காரனின் அம்மா இறந்துபோனார். அவன் ஷிப்டில் இருந்தான். போனை எடுத்தவன் நான். அம்மா போய்விட்டார், பக்குவமாகச் சொல்லுங்கள் என்று அவன் அண்ணன் சொன்னார். நான் என்ன செய்தேன்? அவன் வந்ததும், அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸாம் என்று சொன்னேன். உன்னைத்தான் கேட்கிறார்களாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். மறுநாள் காலையில் உண்மையைச் சொன்னேன். அதே பொய்யை என் வாயாலேயே இன்னொருத்தனுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போதுகூட நம் வீட்டிலும் இப்படித்தானே நடந்திருக்கும் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை. இதைவிட மடையன் இருக்க முடியுமா?

அப்பா கடைசியாக என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகப் பயமில்லாமல் கேட்டேன். அக்கா யோசித்தாள். முந்தின நாள் சாயங்காலம் நான் அனுப்பிய கேசட் வந்திருந்ததாம். அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவோம். கேம்ப் சாப்பாட்டைப் பற்றி நான் புலம்பித் தள்ளியிருந்தேன். அப்பா டேப்ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுவதும் கேட்டிருக்கிறார். அப்புறம் கொட்டாவி விட்டுக்கொண்டே அணைத்துவிட்டார்.

"இவன் பேச்ச நிறுத்தவே மாட்டேங்குறான், மீதிய நாளைக்குக் கேட்டுக்கலாம்னு சொல்லிட்டுப் படுத்தாரு" என்றாள்.

அன்று மத்தியானம் அக்கா வீட்டில் மீன் குழம்பு. மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மூட்டை ஒன்றை இறக்கி வைத்துவிட்டு வந்தவன் மாதிரி அப்படி ஒரு பசி. சாப்பிட்டு முடித்ததும் அக்கா பீரோவிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பாவுக்குப் பிறகு யாரும் அதைப் போடவில்லையாம். முதல் பக்கம் முடிந்து, நாடா மொத்தமும் ஒரே சக்கரத்தில் சுற்றிக் கிடந்தது. திருப்பிப் போட வேண்டியதுதான் பாக்கி.

சாயங்காலம் நான் நழுவவில்லை. மெழுகுவர்த்தியோடு அப்பா முன்னால் நின்றேன். சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போகிறவரை நின்றேன். ஈரக் காற்றில் மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருந்தது. மச்சானும் நானும் மாறி மாறி ஏற்றினோம்.

ஆனால் ஒரு கவலை புதிதாக வந்து உட்கார்ந்துகொண்டது. வேதாரண்யத்துக்காரனும் என்னைப் போலவே மணிக்கணக்கு எண்ணிக்கொண்டு கிடக்கிறானோ? அதனால்தான் நம்ம கதை என்று அந்த நாவலை அனுப்பினானோ? என் பங்குக்கு நானும் ஒருத்தன் நெஞ்சில் கல்லை ஏற்றி வைத்திருக்கிறேனே என்று இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வார்னிஷ் கறை படிந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஊர் திரும்பியதிலிருந்து அவனுக்கு உப்பளத்தில்தான் பிழைப்பு; மழைக்காலம் என்பதால் அங்கே வேலை இல்லை. உப்புக் குவியல்களையெல்லாம் கீற்றுப் போட்டு மூடியிருந்தார்கள். அவன் வீட்டில்தான் இருந்தான். உட்கார்ந்ததும் உட்காராததுமாக விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் உன்னிடம் சீரியஸ் என்று சொன்னது பொய், அதற்கு முன்னாலேயே அம்மா போய்விட்டார், உன்னைக் கேட்டார் என்று சொன்னதும் நானாகச் சேர்த்தது, என்னை மன்னித்துவிடு என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அன்னிக்கு சாயங்காலம் என் துணியையும் சேத்துத் துவைச்சுக் காயப்போட்டியே, அதுக்கு முன்னாடி ஒரு நாளாவது துவைச்சிருக்கியாடா? அப்பவே தெரிஞ்சு போச்சு, அம்மா இல்லன்னு. குளிக்கிற ரூமுக்குப் போயி அழுதுட்டுத்தான் வந்தேன். காலையில நீ திக்கித் திக்கிச் சொன்னப்ப, பாவம் கஷ்டப்பட்டுச் சொல்றியேன்னு உனக்காக இன்னொரு தடவ அழுதேன்."

பிறகு எதற்கு நம்ம கதை என்று அனுப்பினாய் என்று கேட்டேன். கப்பலில் போகிற படைவீரர்கள் தண்ணீர்ப் பருப்பைத் தின்றுகொண்டு புலம்புகிற இடம் அப்படியே நம் கேம்ப் மெஸ் மாதிரி இல்லையா என்றான். கிழவர் கிடக்கிற அத்தியாயங்களையெல்லாம் அவன் படிக்கவே இல்லை. ஒரே அழுகையாக இருந்ததாம், தள்ளிவிட்டானாம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதற்குப் பிளேடால் அறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றான்.

அந்த எழுத்தாளர் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. மூன்று திங்கள் கழிந்தன என்று அவர் தாண்டிப் போன இடத்தில் அந்த மகன் செய்ய வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. அக்காவிடம் போய், அப்பா எப்போது போனார் என்று கேட்டிருக்கலாம். அவ்வளவுதான். நான் அதைக் கேட்க ஒன்பது வருடமும் ஒரு மட்டமான நாவலும் தேவைப்பட்டன. அப்பா எனக்காகக் காத்துக் கிடக்கவில்லை, மீதியை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று கொட்டாவி விட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்தார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கும் படுத்தவுடன் தூக்கம் வருகிறது.